எல்லா ரிவெட்டும் சமமாகச் சுமப்பதில்லை!

ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தளிக்குப் போகும் சாலை. இருபுறமும் ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், முட்டைகோஸ் வயல்கள், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கேட்கும் டீக்கடைகள். குளுகுளு பருவநிலைக்காக வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லப்பெயர் வைத்த ஊர் தளி. அந்த ஊருக்குப் போகும் வழியில், பேளகொண்டப்பள்ளியில், ஒரு விமான ஓடுபாதை இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அங்கே விமானமே தயாரித்தார்கள் என்றால் இன்னும் ஆச்சரியப்படுவார்கள்.

'தனேஜா ஏரோஸ்பேஸ்' நிறுவனம் 1994-ல் அங்கே தொடங்கப்பட்டது. இத்தாலியின் பார்த்தெனாவியா நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, பி.68சி என்ற ஆறு இருக்கை, இரட்டை இன்ஜின் விமானத்தை இங்கே கட்டினார்கள். பயணிகள் விமானத் தயாரிப்பில் இந்தியத் தனியார் துறை எடுத்துவைத்த முதல் அடி அது. பின்னாளில் அதே இடத்தில் விண்வெளி, விமானத் துறைகளுக்கான கட்டமைப்புப் பாகங்களும் உருவாயின.

அந்தக் குட்டி விமானத்தின் உடல் முழுக்க அலுமினியத் தகடுகள். தகடுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை வெல்டிங் அல்ல, போல்ட் நட்டும் அல்ல. பேனா ரீஃபில் தடிமனே உள்ள ரிவெட்கள்!

பாடப்புத்தகத்தில் 'தறையாணி' என்று இருக்கும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரிவெட்தான், கொஞ்சம் வேகமாகச் சொன்னால் ரிவிட்டு. 'நல்லா ரிவிட் அடிச்சுட்டான்யா' என்று சினிமாவில் வரும் கேலி வசனத்துக்கும் இந்த ரிவிட்டுதான் பூர்வீகம். ஒருமுறை அடித்துவிட்டால் கழற்ற முடியாது. எடுக்க வேண்டுமென்றால் ட்ரில் போட்டுக் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

இதைப் பார்க்க விமானத் தொழிற்சாலைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்டு இரும்புச் சட்டியை எடுத்துப் பாருங்கள். கைப்பிடியைச் சட்டியோடு சேர்த்திருக்கும் மொட்டுத் தலைகள் ரிவெட்தான். ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் இருக்கும் செம்புப் பொட்டும் ரிவெட்தான். தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் அதற்கு 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார்கள்.

விமானத்தில் ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிப்பக்கம் காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து 'டடடட' என்று தட்டுவார். மற்றவர் உள்பக்கம் ஒரு கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். நடுவில் தகடு மறைத்திருக்கும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அடித்து முடித்தபின் நசுங்கிய வால், ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதியளவு உயரமும் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் குடைந்து எடுத்துவிட்டு வேறு அடிப்பார்கள். ஒரு சுவாரஸ்யம்: சிலவகை அலுமினிய ரிவெட்களைச் சூடாக்கிப் பதப்படுத்தியபின் ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும். நேரம் போகப் போக இறுகிவிடும். அதன்பின் அடித்தால் விரிசல்தான்.

சரி, இந்த ரீஃபில் தடிமன் ஆணி எவ்வளவுதான் சுமக்கும்?

மூன்று வழியில் அறுபடும்

இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஒரு ரிவெட் அடித்து, எதிரெதிர்த் திசையில் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நினைவுக்கு வருவது, ரிவெட் கத்தரிக்கோலில் சிக்கியதுபோல நடுவில் வெட்டுப்படுவது. பாலிடெக்னிக் மாணவர்கள் இதை 'ஷியர்' என்பார்கள். 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 8 சதுர மில்லிமீட்டர். விமானங்களில் சாதாரணமாகப் பயன்படும் அலுமினிய ரிவெட், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோ வரை வெட்டுப்படாமல் நிற்கும். எட்டு இருபத்தொன்று 168. அதாவது, நல்ல ஆகிருதியான இரண்டு ஆட்கள் தொங்கினாலும் ஒற்றை ரிவெட் தாங்கும்!

ஆனால், ரிவெட் மட்டும் உறுதியாக இருந்தால் போதுமா? தகடு மெலிதாக இருந்தால், ரிவெட் அதன் துளையை நசுக்கி நீளவாக்கில் இழுத்துவிடும். பழைய சாக்கில் போட்ட கயிறு, சாக்கைக் கிழித்துக்கொண்டு வருவதைப்போல. இதற்கான பரப்பு, ரிவெட்டின் விட்டத்தைத் தகட்டின் தடிமனால் பெருக்கினால் கிடைக்கும். விமானத் தகட்டு அலுமினியம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 84 கிலோ நசுக்கலைத் தாங்கும். 0.8 மில்லிமீட்டர் தகடு என்றால் சுமார் 215 கிலோ. அரை மில்லிமீட்டர் தகடு என்றால் 134 கிலோதான். முதல் தகட்டில் ரிவெட் முந்திக்கொண்டு உடையும். இரண்டாவதில் தகடு முந்திக்கொள்ளும். இரண்டில் எது சிறிய எண்ணோ, அதுதான் அந்த இணைப்பின் பலம். சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு 'ரிவெட் வேல்யூ' என்று தேர்வில் வந்தது இதுவேதான்.

மூன்றாவது, தகடே துளை வரிசையில் கிழிவது. தபால்தலைத் தாளில் ஓட்டை வரிசை எதற்குப் போடுகிறார்கள்? கிழிப்பதற்குத்தானே! ரிவெட்களை நெருக்கி நெருக்கி அடித்தால் விமானத் தகடும் தபால்தலைத் தாள் ஆகிவிடும். அதனால் ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் இடையே விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி, தகட்டின் விளிம்பிலிருந்து இரண்டு மடங்காவது தூரம் என்று விதி வைத்திருக்கிறார்கள். 'பயமா இருக்கா, இன்னும் நாலு ரிவெட் சேர்த்து அடி' என்ற நம் ஊர் வைத்தியம் இங்கே செல்லாது.

பல்லக்கும் பரண் பலகையும்

பல ரிவெட்கள் சேர்ந்த இணைப்புக்குக் கணக்குப் போடும்போது, மொத்தச் சுமையை எண்ணிக்கையால் வகுத்துவிடுவது வழக்கம். நூறு கிலோ, நாலு ரிவெட், ஆளுக்கு 25 கிலோ. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோயில் பல்லக்கு தூக்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் தோள் கொடுத்தாலும், உயரமானவர் தோளில் இறங்கும் கனம் வேறு. குள்ளமானவர் தோளில் இறங்கும் கனம் வேறு.

ஓர் இரும்புத் தாங்கியை எடுத்துக்கொள்வோம். பரண் பலகைக்கோ டிவிக்கோ சுவரில் அடிப்போமே, அதுமாதிரி. அதைப் பிடித்திருக்கும் நாலு ரிவெட்கள், 10 சென்டிமீட்டர் சதுரத்தின் நாலு மூலைகளில் இருக்கின்றன. நூறு கிலோ சுமை அந்தச் சதுரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல், 20 சென்டிமீட்டர் தள்தித் தொங்குகிறது. இப்போது சுமை தாங்கியைக் கீழே இழுப்பதோடு நிற்காது, திருகவும் பார்க்கும். கீழே இழுப்பதற்கு ஆளுக்கு 25 கிலோ. திருகலைத் தடுக்க ஆளுக்கு ஏறத்தாழ 71 கிலோ, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு திசையில். இரண்டையும் திசை பார்த்துக் கூட்டினால், சுமைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரிவெட்கள் தலா 90 கிலோ சுமக்கின்றன. தள்ளி இருக்கும் இரண்டும் தலா 56 கிலோ. இருபத்தைந்து என்று நம்பிய இடத்தில் தொண்ணூறு!

சட்டிக் கைப்பிடியின் ஒவ்வொரு முனையையும் ஒரே ரிவெட்டில் நிறுத்தாமல் இரண்டில் நிறுத்துவதற்கும் இந்தத் திருகல்தான் காரணம். ஒற்றை ரிவெட் என்றால் எதைத் தாங்கினாலும் சுழல்வதைத் தாங்காது. குழம்போடு சட்டி கவிழும்.

சுமை மையத்துக்கு நேராகவே இழுத்தாலும் சமப்பங்கு கிடையாது என்பது அடுத்த விஷயம். மூன்று வரிசை ரிவெட் அடித்த இணைப்பில், மேல்தகடு முதல் வரிசைக்கு முழுச் சுமையோடு வருகிறது. அங்கே அது நன்றாக இழுபட்டு நீள்கிறது. அதே இடத்தில் அடித்தகட்டின் முனையோ கிட்டத்தட்டச் சும்மா கிடக்கிறது. ஒன்று நீள்கிறது, மற்றது நீளவில்லை. இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வது நடுவில் குத்தி நிற்கும் ரிவெட். கடைசி வரிசையிலும் இதே கதை, தகடுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். நடுவரிசைக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு.

அப்படியானால் வகுத்துப் போடும் கணக்கு தவறா? ஒரே ஒருமுறை இழுத்து உடைப்பதென்றால் தவறில்லை. அதிகம் சுமக்கும் ரிவெட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் பங்கு பக்கத்து ரிவெட்டுக்குப் போகும். உடையும் நேரத்தில் எல்லாம் ஏறத்தாழச் சமமாகிவிடும். உலோகத்தின் இந்த நெகிழ்வுதான் பல தலைமுறைப் பொறியாளர்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சிறிய சுமை, ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால்? அப்போது யாரும் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. முதல் வரிசை தன் கூடுதல் பங்கை ஒவ்வொரு முறையும் தானே சுமக்கிறது. அங்கேதான் முதல் விரிசல் விழும்.

100 : 70 : 56

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் அளந்து சொன்னவர்களில் முக்கியமானவர், ஸ்காட்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் பட்டறை நடத்திய வில்லியம் ஃபேர்பெயர்ன். நீராவிக் கொதிகலன்கள் வெடித்து உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. ரிவெட் அடித்த தகடுகளை இழுத்து இழுத்து உடைத்துப் பார்த்தார். துளையில்லாத தகட்டின் பலம் 100 என்றால், இரண்டு வரிசை ரிவெட் போட்ட இணைப்பின் பலம் 70. ஒரே வரிசை போட்டது 56 என்று 1850-ல் வெளியிட்டார். அன்று முதல் நெடுங்காலம் கொதிகலன் செய்தவர்கள் இந்த மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இரண்டு வரிசைக்கும் ஒரு வரிசைக்கும் உள்ள இந்த வித்தியாசம், 135 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானில் 520 உயிர்களின் கணக்காக வந்து நின்றது.

1978 ஜூன் 2. ஒசாகாவில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம், வாலைத் தரையில் தேய்த்துவிட்டது. வால் பகுதியில், பயணிகள் இருக்கும் காற்றடைத்த பகுதியை மூடி நிற்கும் குடை வடிவச் சுவர் சேதமானது. போயிங் நிறுவனத்தின் குழுவே வந்து பழுது பார்த்தது. சுவரின் கீழ்ப்பாதியைப் புதிதாக வைத்து, பழைய மேல்பாதியோடு இணைக்க வேண்டும். ஓரிடத்தில் துளைகளுக்கும் விளிம்புக்கும் நடுவே போதிய தூரம் இல்லை. அதனால் இரண்டுக்கும் இடையில் ஓர் இணைப்புத் தகட்டைச் செருகச் சொன்னது திட்டம். அந்தத் தகடு ஒரே துண்டாக, மூன்று வரிசை ரிவெட்களிலும் பிடித்திருக்க வேண்டும்.

வைத்ததோ இரண்டு துண்டாக! மூன்று வரிசை ரிவெட்டும் அடித்துத்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையாது. ஆனால், தகடு நடுவில் பிளந்திருந்ததால் ஒரு வரிசை வழியாகச் சுமை கடக்க வழியே இல்லாமல் போனது. சேர்ந்து சுமக்க வேண்டிய சுமை ஒற்றை வரிசையின் தலையில் விழுந்தது. திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன், சரியான பழுதுபார்ப்பில் இருந்திருக்க வேண்டியதில் சுமார் 70 சதவிகிதமாகக் குறைந்தது.

விமானம் ஏழு ஆண்டுகள் நன்றாகவே பறந்தது. ஒவ்வொரு பயணத்திலும் மேலே ஏறும்போது உள்காற்றழுத்தம் சுவரைத் தள்ளும், இறங்கும்போது விடும். 1985 ஆகஸ்ட் 12 மாலை, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 524 பேரோடு கிளம்பிய 12 நிமிடத்தில் அந்தச் சுவர் கிழிந்தது. பீறிட்ட காற்று வால் துடுப்பைப் பெயர்த்தது. விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் குழாய்கள் நான்கும் போயின. விமானிகள் அரை மணி நேரம் போராடினார்கள். மலையில் மோதியது விமானம். பிழைத்தவர்கள் நால்வர். ஒரே விமானம் சிக்கிய விபத்துகளில் உலகின் மிகப் பெரியது இன்றுவரை இதுதான்.

பழுதுபார்த்த பிறகு அந்த விமானம் 12,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் போய்வந்திருந்தது. அப்படிப் பொருத்திய இணைப்பு எத்தனை பயணம் தாங்கும் என்று விபத்துக்குப்பின் கணக்கிட்டுப் பார்த்தார்கள். விடை: சுமார் 10,000.

பசை விட்ட இடம்

மூன்றாண்டு கழித்து, 1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் தன் கூரையை இழந்தது. சுமார் 18 அடி நீளத்துக்கு மேல்தகடு அப்படியே பறந்துபோனது. திறந்த வானத்தின் கீழ் இருக்கை பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த 89 பயணிகளும் உயிரோடு தரையிறங்கினார்கள். நின்றுகொண்டு வேலை செய்த விமானப் பணிப்பெண் ஒருவர் மட்டும் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டார்.

இந்த விமானத்தின் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். உள்ளே வெளியே அழுத்த வேறுபாடு, ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட அரை கிலோ. உடலின் ஆரம் சுமார் 188 சென்டிமீட்டர். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால், ஒவ்வொரு சென்டிமீட்டர் நீள இணைப்பிலும் ஏறத்தாழ 100 கிலோ இழுவிசை. ஓர் அங்குலத்துக்கு 250 கிலோ. அதை, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகடு தாங்குகிறது. மூன்று வரிசை ரிவெட் என்பதால் ஆளுக்கு 83 கிலோ. முன்பு பார்த்த 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டே 168 கிலோ தாங்குமே! கணக்கு பாஸ்.

பிறகு ஏன் பிய்ந்தது? அந்தக் காலத் தயாரிப்பில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே பசையும் ஒட்டியிருந்தார்கள். சுமையின் பெரும்பங்கைப் பசைதான் எடுத்துக்கொள்ளும் என்பது திட்டம். கடற்காற்றிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போனது. அதன் பங்கும் ரிவெட்கள் தலையில் ஏறியது. ரிவெட் தலை வெளியே துருத்தாமல் இருக்கத் துளையின் வாயைச் சரிவாகக் குடைந்திருந்தார்கள். மெல்லிய தகட்டில் அந்தச் சரிவு கத்தி முனைபோலக் கூராக இருந்தது. மேல்வரிசையில் துளைக்குத் துளை மயிரிழை விரிசல்கள் விழுந்தன. தனித்தனியாகப் பார்த்தால் அற்ப விரிசல்கள். ஒருநாள் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்களாக 89,680 முறை பறந்த விமானம் அது. பறந்த மணி நேரம் குறைவு. காற்றழுத்தம் ஏறி இறங்கிய எண்ணிக்கை மிக அதிகம்.

ரிவெட் உடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு விபத்திலும் கிழிந்தது துளையோரத் தகடு.

இன்னும் ஏன் ரிவெட்?

பாலங்களில் ரிவெட்டின் காலம் முடிந்துவிட்டது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட்களின் கூட்டு; 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் வெல்டிங் வந்துவிட்டது. ஓசூர் வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான லாரி சேஸிஸில் மட்டும் ரிவெட் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் சேஸிஸ் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் பலமிழந்த இடம் அந்த முறுக்கலில் சீக்கிரம் விரிசல் விடும்.

விமானத்துக்கும் சூடுதான் எதிரி. பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் நெருப்பில் தன் பலத்தை இழந்துவிடும். ரிவெட்டில் இன்னொரு சௌகரியமும் உண்டு: ஒரு தகட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும், பக்கத்துத் தகட்டுக்குத் தாவாது. வெல்டிங் செய்த உடலில் அந்த எல்லைக்கோடு இல்லை.

அலோஹாவுக்குப் பிறகு, வயதான விமானங்களைச் சோதிக்கும் முறையே மாறியது. துளையோரத்தில் ஒளிந்திருக்கும் விரிசலைத் தேட மின்சுழல் கருவியை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் நகர்த்திப் பார்க்கிறார்கள். கருவி வருவதற்கு முன்பே கண் ஒன்றைப் பிடித்துவிடும். தளர்ந்த ரிவெட் தகட்டோடு உரசிக்கொண்டே இருக்கும். அந்த அலுமினியப் பொடி காற்றில் பின்னோக்கி இழுபட்டு, ரிவெட் தலையிலிருந்து புகை கிளம்பியதுபோலக் கறுப்புக் கோடாகப் படியும். துடைத்துவிட்டுப் பறந்து வந்தபின் அதே இடத்தில் கோடு மறுபடி இருந்தால், அந்த ரிவெட் தன் பங்கைச் சுமக்கவில்லை என்று அர்த்தம். பங்கு பக்கத்து ரிவெட்டுக்குப் போயிருக்கிறது.

அதைக் குடைந்து எடுத்துவிட்டு, துளை பெரிதாகியிருந்தால் ஒரு அளவு பெரிய ரிவெட் அடிப்பார்கள். விட்டம் கூடிவிட்டதால் விளிம்பு தூரம் போதுமா, அக்கம்பக்கத்து இடைவெளி போதுமா என்று அந்த ஓர் இடத்துக்கு மட்டும் கணக்கை முதலிலிருந்து போடுவார்கள்.